பாஸில் என் முகம்

தெப்ராவ் ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் எனக்குக் கம்பெனியே மாத பஸ் பாஸ் தருகிறது. போக்குவரத்துக்குக் கைக்காசு செலவில்லை. “பஸ்லயா போற?” என்று கேலி செய்த கணவரின் மோட்டார் சைக்கிள், என் லீவு நாளில் பழுதானது.

“உன் பாஸைக் குடு லா, யார் பாக்கப் போறா?” என்றார்.

“அதுல என் படம் இருக்குங்க. மாட்டினா பாஸே போயிரும்!”

முகத்தைத் தூக்கிக்கொண்டு, டிக்கெட் வாங்கிப் போனார்.

மாலையில் வந்ததுமே பதற்றத்தோடு, “அலமாக்! பஸ்ல ஏறி ஒவ்வொருத்தர் பாஸையும் செக் பண்ணாங்க. நல்லவேளை, நீ குடுக்கல!” என்றார்.

அந்த வாரமே அவர் முதலாளியிடம் கேட்டு, தனக்கும் பாஸ் வாங்கிவிட்டார். அவர் கேலிக்குக் கூசிக் கைப்பைக்குள் ஒளித்துவைத்திருந்த பாஸை இப்போது படம் தெரியக் கழுத்தில் மாட்டிக்கொண்டே பஸ் ஏறுகிறேன். பக்கத்து இருக்கையில், அதேபோல் மாட்டிக்கொண்டு அவர்!