கல் வாங்கில் கீறிய வள்ளம்

எங்கள் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் யாருக்காவது ஒரு படிவம் விளங்காவிட்டால் எங்கள் வீட்டு மணியைத்தான் அடிப்பார்கள். நான் முப்பது வருடம் மொன்றியல் துறைமுகத்தில் சுங்கப் பத்திரங்களைச் சரிபார்த்தவன். பெட்டியைத் திறக்காமல், பத்திரத்தை மட்டும் படித்து, உள்ளே இருப்பதாகச் சொல்லப்படும் சாமான் உண்மையாகவே இருக்கிறதா என்று தீர்மானிப்பது என் வேலை. பெரும்பாலும் சரியாகவே தீர்மானித்தேன். பிழையாகத் தீர்மானித்த பத்திரம் ஒன்று உண்டு. அதை எழுதியவனும் நானே.

மனைவிக்கு வலது முழங்கால் மாற்றவேண்டும் என்றார்கள். இலையுதிர்காலத்தில் நாள் கிடைத்தது. அந்த நாளைப் பெறுவதற்கு நான் அடித்த தொலைபேசிகளைப் பற்றித் தொடங்கினால் வேறெதையும் எழுத முடியாது. கடிதம் வந்த அன்று அவள் குசினியில் வெங்காயம் அரிந்துகொண்டு சொன்னாள்:

"முழங்காலை மாத்த முன்னம் எனக்கொரு இடம் பாக்கோணும்."

"எங்கை? நயாகராவோ?"

"அதுதான் ரெண்டுதரம் பாத்து நனைஞ்சாச்சே. நீங்கள் ஏறின மலை. அந்தக் கோபுரம்."

எண்பதுகளின் நடுப்பகுதியில் பெர்லின் வழியாக மேற்கு ஜெர்மனிக்குள் போன எங்கள் ஆட்களில் நானும் ஒருவன். என்னை மலையடிவாரத்தில் இருந்த ஒரு சிறிய ஊரின் அகதி முகாமுக்கு அனுப்பினார்கள். அந்த ஊரின் தொழில், நடக்க வருபவர்களுக்குச் சோறும் படுக்கையும் கொடுப்பது. தடித்த காலுறையும் கைத்தடியுமாக, எவரும் துரத்தாமலே, சனங்கள் மலையேற வருவார்கள். நாங்கள் சன்னலால் பார்த்துக்கொண்டிருப்போம். அகதி விண்ணப்பக்காரர் மாவட்ட எல்லையைத் தாண்டுவதென்றால் எழுத்தில் அனுமதி வேண்டும். ஊர் மாவட்டத்தின் விளிம்பில் இருந்தது. பின்னால் தெரிந்த மலையும் அதன் உச்சியில் இருந்த பார்வைக் கோபுரமும் அடுத்த மாவட்டத்துக்கு உரியவை.

அங்கிருந்துதான் யாழ்ப்பாணத்தில் இருந்த அவளுக்குக் கடிதம் எழுதினேன். ஒவ்வொரு ஞாயிறும் மலையேறுகிறேன் என்று எழுதினேன். வழியையும் ஊற்றையும் களைத்தவர்கள் உட்காரும் கல் வாங்கையும் எழுதினேன். அந்த வாங்கின் கீழ் மூலையில் உம்முடைய பேரின் முதலெழுத்தைக் கீறியிருக்கிறேன் என்றும் எழுதினேன். அவளுடைய தகப்பனார், முகாமில் கிடக்கிறவனுக்கு எப்படிப் பெண் கொடுப்பது என்று கேட்டிருக்கிறார். கொழும்பில் ஒரு வங்கி உத்தியோகத்தர் கேட்டு வந்த நேரம் அது. அவள் என் கடிதத்தைத் தகப்பனாரின் கையில் கொடுத்து, "ஞாயிற்றுக்கிழமையிலை மலை ஏறுற ஆள் மனம் உடைஞ்ச ஆள் இல்லை. நான் ஓம்" என்றாளாம். எங்கள் கலியாணக் கதை இதுதான். இதை அவள் எத்தனையோ கொண்டாட்டங்களில் சொல்ல, நான் பக்கத்தில் நின்று றோல்ஸ் சாப்பிட்டிருக்கிறேன்.

நான் அந்த மலையில் ஒருநாளும் கால் வைத்ததில்லை. முகாமுக்கு வந்த அன்றே எனக்கு விதியைப் படித்துக்காட்டினார்கள். நான் விதியைப் படித்தால் அதன்படி நடப்பவன். ஞாயிறுகளில் இரட்டைக் கட்டிலின் மேல்தட்டில் படுத்திருப்பேன். மலையேறியவர் கீழ்க்கட்டில்காரர். மன்னாரில் கடலுக்குப் போனவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தேவாலயத்தில் காலைப் பூசை முடிந்ததும் அனுமதியும் இல்லாமல் பயமும் இல்லாமல் மலைக்குப் போய்விடுவார். மாலையில் வந்து ஆறிய சோற்றைத் தின்றுகொண்டு பார்த்ததையெல்லாம் சொல்லுவார். தலைமன்னாரிலிருந்து பாதி தூரம் இந்தியாவுக்கு நீந்திப்போய் மனம் மாறித் திரும்பி நீந்தி வந்ததாகவும் அவர் சொல்லியிருக்கிறார். ஆகவே மலைக் கதைகளையும் அதே கணக்கில் சேர்த்தேன். ஒரு புளுகரின் புளுகைக் கொஞ்சம் திருத்தி, நல்ல தமிழில் அவளுக்கு எழுதினேன்.

இப்போது அவள் அங்கே போகவேண்டும் என்கிறாள். கோபுரம் திருத்த வேலைக்காக மூடியிருக்கக்கூடும் என்ற நம்பிக்கையில் ஊர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒரே நாளில் பதில் வந்தது. திறந்திருக்கிறது, கட்டணம் இல்லை, நாய்களும் வரலாம். இப்படியொரு வேகத்தில் எந்த அலுவலகமும் எனக்கு நல்லது செய்ததில்லை.

ஆவணியில் போனோம். எங்கள் பழைய முகாம் நடைக்காரர்களுக்கான விடுதியாகியிருந்தது. காலைச் சாப்பாட்டுக்கு ஏழு விதமான பாண் வைத்திருந்தார்கள். நான் படுத்திருந்த அறை எது என்று மனைவி கேட்டாள். சுவர்களை மாற்றிவிட்டதால் எனக்குத் தெரியவில்லை. இல்லாத சுவரைக் காட்டி, இதிலைதான் என்றேன்.

மறுநாள் சுற்றுலாத் தகவல் நிலையத்துக்குப் போனேன். மாவட்ட எல்லை எங்கே என்று, துருப்பிடித்த ஜெர்மன் மொழியில் கேட்டேன். அது தெரிந்தால் எந்த இடத்தில் உண்மையைச் சொல்லலாம் என்று தீர்மானிக்கலாம் என ஏனோ நினைத்தேன். மேசையில் இருந்த பெண், இரண்டு மாவட்டங்களையும் ஒன்றாக்கிச் சில வருடங்களாகின்றன, எல்லை இல்லை என்றாள். முன்பு எங்கே இருந்தது என்றேன். அவள் இன்னொருத்தியைக் கூப்பிட்டாள். இருவரும் வரைபடத்தை விரித்து, ஒருத்தி ஓடைக்கு இந்தப் பக்கமும் மற்றவள் அந்தப் பக்கமும் விரல் வைத்தார்கள். என்னைக் கட்டிலோடு கட்டிவைத்த கோடு இவ்வளவுதானா? கடைசியில் இரக்கப்பட்டு ஒரு துண்டுப்பிரசுரம் தந்தார்கள். பழைய காலத்துப் பிரபுக்கள் நட்ட எல்லைக் கற்களைப் பார்த்தபடி நடக்க ஒரு பாதை இருக்கிறதாம். எல்லைகளில் ஆர்வம் உள்ளவர்களுக்கு மிகவும் பிடிக்குமாம்.

"என்ன கேட்டனீங்கள்?" என்றாள் வெளியே நின்ற மனைவி.

"கக்கூஸ் எங்கையெண்டு."

"அதுக்கு ரெண்டு பேர் படம் விரிச்சவையோ?"

அடுத்த நாள் காலை புறப்பட்டோம். அவள் இரண்டு கைத்தடி வாங்கியிருந்தாள், வலிமாத்திரை போட்டிருந்தாள். கைப்பையிலிருந்து பிளாஸ்ரிக் உறையில் போட்ட நீலக் கடிதத்தை எடுத்தாள். என் கையெழுத்து. வரைபடம் என்னிடம் இருந்தது. அவள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"முதலிலை மரப்பாலம். ஏழு பலகை, ஆறாவது ஆடும்" என்று வாசித்தாள்.

பாலம் இருந்தது. ஆனால் இரும்புப் பாலம். எனக்கு நிம்மதியாக இருந்தது.

"மாத்திப்போட்டாங்கள்" என்றேன்.

"பிறகு இருட்டுக் காடு. பகலிலையும் வெளிச்சம் விழாது."

காடு இருக்கவில்லை. மலைச்சரிவு முழுவதும் மொட்டை. சாம்பல் நிறத்தில் செத்த மரங்கள் சில நிற்க, மற்றவை வெட்டி அடுக்கப்பட்டிருந்தன.

"மரம் எங்கையப்பா?"

எனக்கும் விளங்கவில்லை. எதிரே இறங்கி வந்த கிழத் தம்பதியிடம் கேட்டேன். வறட்சி, பிறகு வண்டு, என்றார் மனிதர். காட்டைப் பார்த்தவர்களுக்கு இப்போது அழுகை வரும் என்று அவர் மனைவி சொன்னாள். நான் காட்டைப் பார்க்காதவன் என்பதால் மரியாதைக்குத் தலையாட்டினேன். கடிதம் இனி ஒன்றுக்கும் உதவாது, தப்பினேன் என்று நினைத்தேன்.

அடுத்த வளைவில் பாதை இரண்டாகப் பிரிந்தது. இரண்டு பலகையிலும் கோபுரத்தின் பேர், இரண்டிலும் ஒரே தூரம். வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"ஏனப்பா மினைக்கெடுறியள்? 'ரெண்டு அம்பும் கோபுரமெண்டுதான் காட்டும், இடக்கைப் பக்கம் போனால் ஊற்று வரும்.' நீங்கள்தானே எழுதினது!"

இடக்கைப் பக்கம் போனோம். ஊற்று வந்தது. ஒரு கல் சிங்கத்தின் வாயால் தண்ணீர் ஓடியது. சிங்கத்துக்குக் கீழ்த்தாடை இல்லை.

நான் அப்படியே நின்றுவிட்டேன். மன்னார்க்காரர் இதைச் சொன்ன மாலை எனக்கு நல்ல ஞாபகம். "தம்பி, மலையிலை ஒரு சிங்கம் நிக்குது. கீழ்த்தாடை உடைஞ்சுபோச்சு, வாயாலை வீணி ஓடுது. அதைப் பாக்கப் பாக்க எனக்கு ஆறுதலாக் கிடக்கு." நாட்டை விட்டு எங்களை ஓடவைத்த அரசின் கொடியில் வாளோடு நிற்கும் சிங்கத்துக்கு எதிராக அவர் கட்டிய கதை என்று நினைத்து அறை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். கடிதத்தில் எழுதியதே அதன் பகிடிக்காகத்தான்.

"என்ன, முதல்தரம் பாக்கிற ஆள் மாதிரிப் பாக்கிறியள்?"

அவள் அந்தத் தண்ணீரை ஏந்திக் குடித்தாள்.

உச்சிக்குச் சற்றுக் கீழே கல் வாங்கு. மனைவி அதில் இருக்கவில்லை. நோகாத காலை மடித்து மெல்லக் குனிந்து, கீழ் மூலையில் பாசியைக் கைத்தடியின் முனையால் சுரண்டினாள். தன் எழுத்தைத் தேடுகிறாள். நான் தடுத்திருக்கலாம். என்ன சொல்லித் தடுப்பது என்று யோசித்து முடிப்பதற்குள் அவள், "இதென்ன, வள்ளமெல்லோ?" என்றாள்.

ஒரு சாண் நீளத்தில் ஒரு வள்ளம். பாய் விரித்து, சுக்கானோடு, நடுவில் ஒரு சிலுவை. கடலுக்குப் போனவனின் கையால் மட்டும் வரக்கூடிய கீறல். வள்ளம் கீறினேன் என்றுதான் அவரும் சொன்னார். அந்த ஒன்றை மட்டும்தான் நான் மாற்றி எழுதினேன்.

"அது நான் கீறினதில்லை."

"அது தெரியுது. நீங்கள் கீறினது எங்கை?"

"நான் இஞ்சை வரேல்லை. ஒருநாளும் வரேல்லை. எல்லை தாண்டக்கூடாதெண்டு சட்டம். என்னோடை ஒரு மன்னார் ஆள் இருந்தவர். அவர் வந்து பாத்துச் சொல்லுவார், நான் எழுதுவன். அவர் புளுகிறார் எண்டு நினைச்சுத்தான் எழுதினனான்."

அவள் நிமிர்ந்தாள். அழவில்லை, கத்தவும் இல்லை. கடிதத்தை உறையோடு பார்த்தாள், வள்ளத்தைப் பார்த்தாள், பிறகு என்னை.

"அப்ப நான் ஆருக்கு ஓம் எண்டனான்?"

எத்தனையோ நேர்முக விசாரணைகளுக்கு ஆட்களைத் தயார்ப்படுத்தியிருக்கிறேன். தெரியாத கேள்வி வந்தால் தெரியாது என்று மட்டும் சொல்லுங்கள் என்பது நான் கொடுக்கும் முதல் புத்தி. நான் குனிந்து வள்ளத்தில் ஒட்டியிருந்த பாசியைத் துடைத்தேன்.

கொஞ்சம் மேலே கோபுரம் நின்றது. ஒடுங்கிய படிகள் உள்ளே சுழன்று போயின. அவள் ஒரு கைத்தடியை என்னிடம் நீட்டினாள்.

"நீங்கள் உந்த வாங்கிலை இருங்கோ."

"உம்முடைய முழங்காலோடை..."

"முழங்கால் என்ரை. இருங்கோ எண்டனான்."

இருந்தேன். படிகளில் அவளுடைய தடி தட்டும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு கேட்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அந்தக் கடைசி ஞாயிறு ஞாபகம் வந்தது. இருட்டிய பிறகும் மன்னார்க்காரர் வரவில்லை. அவருடைய சோறு மூடியபடி இருந்தது. எல்லையில் பிடித்துவிட்டார்கள், அது இரண்டாவது தடவை. மறுநாள் ஒரு அதிகாரியோடு வந்து பையை எடுத்தார். வேறு ஊர் முகாமுக்கு மாற்றியிருந்தார்கள். நான் அவருக்குச் சொன்னது இதுதான்: "அண்ணை, நான் அப்பவே சொன்னனான், எல்லை தாண்டக்கூடாதெண்டு." அவர் கோபிக்கவில்லை. "அது சரி தம்பி, இனி உனக்கு ஆர் சொல்லுவினம்?" என்று கேட்டுவிட்டுப் போனார். நான் அதைப் பகிடி என்று எடுத்தேன். பிறகு அவரைத் தேடவும் இல்லை. ஆட்களைத் தேடிப் பிடிக்கும் நடைமுறை முழுவதும் எனக்கு அத்துப்படி.

மனைவி இறங்கி வர வெகுநேரம் பிடித்தது. முகம் சிவந்திருந்தது. என்னிடமிருந்த தடியை வாங்கினாள்.

"என்ன தெரிஞ்சது?" என்றேன்.

"கடிதத்திலை எழுதியிருக்குத்தானே" என்றாள்.

இறங்கும்போது சிங்கத்துக்குப் பக்கத்தில் மட்டும் ஒருமுறை நின்று மூச்சு வாங்கினாள்.

மொன்றியலுக்குத் திரும்பினோம். இலையுதிர்காலத்தில் முழங்கால் மாற்றினார்கள். சிகிச்சைக்குப் பிறகு செய்யவேண்டிய பயிற்சிகளை நான் அட்டவணை போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன், அவள் அதன்படியே செய்தாள். வீட்டில் சண்டை இல்லை. சோறு, கறி, மருந்து எல்லாம் நேரத்துக்கு நடந்தன. ஆனால் தை மாதம் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில் யாரோ, "அன்ரி, அந்தக் கடிதக் கதையைச் சொல்லுங்கோவன்" என்று கேட்டபோது, "அது இவரின்ரை கதை. இவரைக் கேளுங்கோ" என்று சொல்லிவிட்டு அவள் கேக் வெட்டும் இடத்துக்குப் போனாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வாயில் றோல்ஸ் இருந்தது.

போன சனிக்கிழமை ஜான்-டலோன் சந்தைக்குப் போனோம். தக்காளிக் கடையடியில், முன்பு அவளோடு கார்டெரி என்னும் பிள்ளைகள் காப்பகத்தில் வேலைசெய்த ஒருத்தி, பக்கத்து வில்லரேயில் இருப்பவள், எதிர்ப்பட்டாள்.

"அக்கா, ஜெர்மனியிலை மலையெல்லாம் ஏறினீங்களாம்! மேலை என்ன இருக்கு?"

"பெரிய ஏரி. வெயிலுக்குக் கண் கூசும்" என்றாள் மனைவி.

இரண்டு கிழமைக்கு முன் மெட்ரோவில் வேறொருத்திக்கு, ஒன்றுமில்லை, வெறும் வயல்வெளி என்று சொன்னவள் இவள். பூசை முடிந்து வரும்போது ஒருவரிடம், கடல் மாதிரி, முடிவே இல்லை என்றும் சொன்னாள். மன்னார்க்காரரும் கடல்மாதிரி என்றுதான் சொல்லுவார். கடிதத்தில் நான் எழுதியதும் அதுவே. எது அவள் பார்த்தது, எது எனக்காகச் சொல்வது என்று என்னால் பிரிக்க முடியவில்லை. கடை நடத்தும் கியூபெக்காரர் மீதிக் காசை நீட்டி, மெர்ஸி என்று நன்றி சொன்னது எனக்கு இரண்டாம் தடவைதான் கேட்டது.

சிநேகிதி போனதும் கேட்டேன்:

"உண்மையா என்னதான் தெரிஞ்சது?"

அவள் ஒரு தக்காளியை எடுத்து அமத்திப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.

"இப்ப எல்லை இல்லையெண்டு கேட்டு வந்தனீங்கள்தானே. போய்ப் பாருங்கோவன்."

நான் கக்கூஸ் கேட்கப் போகவில்லை, எல்லையைத்தான் கேட்டேன் என்று அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. இப்போது சொன்னது கோபமா, அனுமதியா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. அனுமதி என்றால் எழுத்தில் வாங்கிப் பழக்கப்பட்டவன் நான். அவள் தக்காளிப் பையை என் கையில் தந்துவிட்டு முன்னால் நடந்தாள். புது முழங்கால். அவளைப் பிடிக்க நான் கொஞ்சம் எட்டி நடக்கவேண்டியிருந்தது.