அப்பா குடித்த காகிதக் கப்புகள்

கோவை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் ஓவியக் கண்காட்சி நடந்தது. சிங்காநல்லூரில் பள்ளி ஓவிய ஆசிரியையான எனக்கும் ஒரு சுவர் கொடுத்தார்கள். நான் அதில் நாற்பது காகிதக் கப்புகளை ஒட்டினேன். எல்லாம் என் அப்பா டீ குடித்தவை.

எங்கள் ஊர் டீக்கடையில் மற்றவர்களுக்குக் கண்ணாடி டம்ளர், எங்கள் சாதிக்காரர்களுக்குக் காகிதக் கப். கேட்டால் சுகாதாரம் என்பார்கள். சுகாதாரமாம், மண்ணாங்கட்டி! குடித்ததை எறியாமல் சேர்த்து வைக்கச் சொன்னபோது, "உனக்குப் பைத்தியம் புடிச்சுப்போச்சா அம்மணி?" என்று அப்பா சிரித்தார். ஆனாலும் சேர்த்து வைத்தார். ஊர்ப் பெயரை நான் எங்கேயும் எழுதவில்லை. பெரிய புத்திசாலி என்று நினைப்பு.

மூன்றாம் நாள், கீழே பட்டெடுக்க வந்த எங்கள் ஊர்த் தோட்டக்காரர் மாடியேறி வந்துவிட்டார். அப்பாவுக்கு அவர் தோட்டத்தில்தான் வேலை. குடியிருப்பதும் அங்கே அவருடைய சாளை வீட்டில்தான். அவர் ஒரு சொல் சொன்னால் சட்டி பானை தெருவுக்கு வந்துவிடும்.

அவர் ஒரு கப்பைப் பிய்த்துத் திருப்பினார். தன் மகள் கல்யாணத்துக்கு அச்சடித்த கப்புகளில் மிஞ்சியதை அவர் டீக்கடைக்குக் கொடுத்திருந்தார். மணமக்கள் பெயரைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி ஒட்டியிருந்தேன். நாற்பது வேண்டும் என்ற பிடிவாதத்தில் அதையும் சேர்த்திருந்தேன்.

"நல்லா இருக்குது கண்ணு. உங்கொப்பன் பாத்தானா?"

அப்பா அவரைவிடப் பத்து வயது மூத்தவர்.

"இல்லீங்க."

"நான் காட்டறேன்" என்று போனில் படம் எடுத்துக்கொண்டு இறங்கினார். அந்த 'ங்க' என் வாயிலிருந்து தானாக வந்ததை நினைத்து எனக்கே ஆத்திரமாக வந்தது.

சாயங்காலம் முழுக்க அப்பா போனை எடுக்கவில்லை. விடிந்ததும் ஊருக்குப் பஸ் ஏறினேன். சாளையைக் காலி செய்யச் சொல்லிவிட்டாரோ, அடித்துக்கிடித்துப் போட்டார்களோ என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

டீக்கடை வாசலில் அப்பா நின்றிருந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. கையில் கண்ணாடி டம்ளர். உள்ளே பெஞ்சில் தோட்டக்காரரும் இன்னும் நாலைந்து பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இதையும் வரையச் சொல்லு உம்மவள" என்றார் தோட்டக்காரர். யாரும் சிரிக்கவில்லை.

டீ அப்பாவின் சட்டையில் சிந்தியது. சூட்டோடு விழுங்கினார். பிறகு நேராகக் குழாயடிக்குப் போய் டம்ளரைக் கழுவினார். தேய்த்துத் தேய்த்து மறுபடி கழுவினார். யாரும் அவரைக் கழுவச் சொல்லவில்லை.

ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "ஏனுங்கப்பா இப்படிப் பண்றீங்க?"

அப்பா என்னைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னார். "அடுத்து இதுல யாரு குடிப்பாங்களோ, அம்மணி."