பெரியம்மா பள்ளிக்கூடத்தில் ஒரு நாள்

எழுபதுகளின் கடைசியில் என் அம்மாவும் பெரியம்மாவும் ஒரே ஒன்றியத்தில், பக்கத்துப் பக்கத்து ஊர்களில், ஆரம்பப் பள்ளிக்கூட டீச்சர்களாக இருந்தார்கள். இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு மைல் கரிசல் காடுதான். நாங்கள் சங்கரன்கோவிலில் குடியிருந்தோம். அம்மா விடியுமுன் எழுந்து சமைத்து, அப்பாவைத் தறிக்கு அனுப்பிவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறுவாள். ஊர்ப் பாதை பிரிகிற விலக்கில் இறங்கி இரண்டு மைல் நடக்க வேண்டும். சாயங்காலம் திரும்ப அதே நடை. வீட்டுக்கு வந்ததும் சேலைகூட மாற்றாமல் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். அந்தக் கால் மணி நேரம் அவளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

பெரியம்மா அவளுடைய பள்ளிக்கூடம் இருந்த ஊரிலேயே இருந்தாள். பெரியப்பாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்து இரண்டு வருஷமாகப் படுக்கை. மத்தியான மணி அடித்ததும் ஓடிப்போய் அவருக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு, அடுத்த மணிக்குள் திரும்பி வருவாள்.

நான் அம்மாவின் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு. எங்கள் பள்ளிக்கூடம்தான் உசத்தி என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. எங்களுக்கு இரண்டு அறை. பெரியம்மா பள்ளிக்கூடத்தில் ஒரே நீள ஹாலில் ஐந்து வகுப்பு. மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு சொன்னால் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் கேட்காது. எங்கள் சுவரில் மேப் தொங்கியது; அங்கே ஆணி மட்டும்தான். மிளகாய்ப்பழம் எடுக்கிற மாதங்களில் அங்கே பாதிப் பிள்ளைகள் காட்டுக்குப் போய்விடுவார்கள். இதையெல்லாம் பெரியம்மாவிடமே சொல்லுவேன். "ஆமா, ஒங்களது காலேஜுல்லா" என்று சிரிப்பாள்.

அந்த வருஷம் ஒன்றியத்தின் கோடியில் ஒரு ஊருக்கு டீச்சரே இல்லாமல் போனது. இந்த இரண்டு பள்ளிக்கூடங்களில் ஒன்றிலிருந்து ஒருவரை எடுத்து அங்கே போடுவது என்று முடிவானது. ஹெட்மாஸ்டர்களைத் தொட மாட்டார்கள். ஆகவே அம்மா, இல்லையென்றால் பெரியம்மா. தலைக்கணக்கு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்ததால், புதிதாக வந்திருந்த இன்ஸ்பெக்டர் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிப் பார்த்து, வாசிப்பு மட்டமான பள்ளிக்கூடத்திலிருந்து எடுப்பாராம். செவ்வாய்க்கிழமை அங்கே, வியாழக்கிழமை இங்கே.

ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள். அழவெல்லாம் இல்லை. காபியைக் குடித்து முடித்த பிறகுதான் பேச ஆரம்பித்தாள். அவளுடைய நாலாம் வகுப்பில் எழுத்துக் கூட்டாமல் வாசிக்க ஒரு பிள்ளையும் இல்லையாம். "ஒண்ணே ஒண்ணு வாசிச்சாக்கூடப் போதும்ட்டி" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

அம்மா முறத்திலிருந்த அரிசியைக் கிளறிக்கொண்டே இருந்தாள். "கூட்டிட்டுப் போக்கா. ஒரு நாளுதான" என்றாள் கடைசியில்.

பெரியம்மா போனதும் அப்பா சத்தம் போட்டார். ஒரே இன்ஸ்பெக்டர்தானே இரண்டு இடத்துக்கும் வருகிறார், இந்தப் பிள்ளை முகம் அவருக்கு மறந்தா போகும் என்று கேட்டார். அம்மா தலை நிமிரவில்லை.

"அத்தானுக்கு மத்தியானம் யாரு கஞ்சி ஊட்டுவா? எனக்குக் காலு நல்லாத்தான இருக்கு."

அவள் காலுக்கும் என் வாசிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை.

செவ்வாய்க்கிழமை பெரியம்மா என்னைத் தன் நாலாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார வைத்தாள். இன்ஸ்பெக்டர் வயதானவர். காட்டுப் பாதையில் சைக்கிள் மிதித்து வந்து, வேர்த்துப்போய், கைக்குட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முதலில் எழுந்த நாலு பிள்ளைகள் எழுத்துக் கூட்டித் திணறினார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு நான் எழுந்து, அம்மா சொல்லிக்கொடுத்தபடியே நிறுத்தி நிதானமாக வாசித்தேன். கண்ணைத் திறந்தவர் அடுத்த பாடத்தையும் வாசிக்கச் சொன்னார். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். பெரியம்மாவைக் காட்டினேன். அதுவரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது.

"நம்ம திருநெல்வேலி எங்க இருக்குன்னு மேப்ல காட்டுவியா?" என்றார்.

"மேப்பு எங்க ஸ்கூல்லதான் சார் இருக்கு" என்றேன்.

பெரியம்மா சாக்பீஸை மேஜையில் வைத்தாள். அது உருண்டு கீழே விழுந்தது, அவள் எடுக்கவில்லை. அவர் வெறும் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்னவோ எழுதிக்கொண்டு எழுந்துவிட்டார்.

சாயங்காலம் பெரியம்மா என்னை விலக்கு வரை கூட்டி வந்து, நடந்ததை அம்மாவிடம் சொன்னாள். "சரி விடுக்கா, வாசிச்சிட்டாள்லா" என்றாள் அம்மா. என்னைத்தான் பாராட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை, தலை பின்னிவிட வேண்டிய நேரத்தில் அம்மா என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் அடிக்கிறது, இன்றைக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம் என்றாள். எனக்கு ஒன்றும் இல்லை என்றேன்.

"உள்காய்ச்சல். வெளிய தெரியாது."

அவள் தனியாகப் போனாள். நான் அது வெளியே வருமென்று சாயங்காலம் வரை பாயில் படுத்துக் காத்திருந்தேன். எங்கள் வகுப்பில் என்னை விட்டால் வாசிக்கிறவர்கள் இரண்டே பேர். அன்றைக்கு ஒருத்தி மிளகாய்ப்பழம் எடுக்கப் போய்விட்டாள், இன்னொருத்தன் இன்ஸ்பெக்டரைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அடுத்த மாதம் அந்தக் கோடி ஊருக்கு அம்மாவுக்கு மாற்றல் ஆர்டர் வந்தது. இரண்டு பஸ், அதற்கப்புறம் நாலு மைல் நடை. என்னை டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். நான் எழும்போது அம்மா போயிருப்பாள். விளக்கு வைத்த பிறகே வருவாள். சுவரில் சாய்கிற அந்தக் கால் மணி நேரம்கூட இப்போது அவளுக்கு இல்லை. வந்ததும் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சட்டி வெந்நீரில் கல்லுப்பைப் போட்டு வீங்கிய காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பல நாளாக நான் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"அன்னைக்கு என்னைய அனுப்பியிருந்தா நம்ம ஸ்கூலு ஜெயிச்சிருக்கும்லாம்மா. ஒனக்கு வெவரமே பத்தல."

அம்மா காலைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "ஆமா மக்கா, பத்தலதான்" என்றாள்.

அவளே ஒப்புக்கொண்டதில் எனக்கு ஒரே பெருமை. எங்கள் அம்மாவுக்கு விவரம் பத்தாது என்று, அன்று சாயங்காலமே தெருப் பிள்ளைகள் எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்தேன்.