படகில் ஏறாத கேரியர்

இதை வெளியே சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

நாங்கள் தீதி (அக்கா) என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்மணி, எங்கள் தீவை விட்டு, கடல் கடந்து மெயின்லேண்டில் இருக்கும் மகளோடு வசிக்கக் கிளம்பினார். அவர் கப்பலேறும் முன், வழியனுப்பு விழாவாக ஒருநாள் கடலில் சுற்றிவரக் காலனிக்காரர்கள் சேர்ந்து ஒரு படகை வாடகைக்கு எடுத்தோம். சாப்பாடு என் பொறுப்பு. புரட்டாசி மாதம். யாரையும் கேட்காமல் எலுமிச்சை சாதம், தயிர் சாதம், மோர் என்று நானே முடிவு செய்தேன். விரதம் என்னவோ எனக்கு மட்டும்தான்.

காலையில் தீதி ஒரு டிபன் கேரியரோடு ஸ்கூட்டியில் படகு ஜெட்டிக்கு வந்தார். மீன் இல்லாமல் அவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

"தீதி, போட்ல மச்லி வேண்டாம். அதை ஸ்கூட்டியிலயே வெச்சிடுங்க" என்றேன், எல்லோர் முன்னாலும்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நான் தண்ணீர் கேன்களை ஏற்றத் திரும்பிவிட்டேன். படகில் நான் பரிமாறியதை அவர் சிரித்த முகத்தோடு சாப்பிட்டார்.

மாலையில் கரைக்கு வந்ததும் கேரியரைத் திறந்தார். உள்ளே பருப்புக் கிச்சடி, வெயிலில் புளித்துப் போயிருந்தது.

"உன் விரதத்துக்குன்னு பியாஸ்... வெங்காயம், பூண்டு எதுவும் போடாம பண்ணேன்" என்றார், எங்களோடு பழகி வந்த தமிழில். கிச்சடியைக் கொட்டிவிட்டுக் கேரியரைக் குழாயில் கழுவி என்னிடம் நீட்டினார்.

"நீயே வெச்சுக்கோ. புதுசு. இதுல மச்லி வெச்சதே இல்ல."

தீதி கப்பலேறிவிட்டார். மறுபடி புரட்டாசி வந்திருக்கிறது. கேரியரை எடுத்துத் துடைத்தேன். அதில் எதையும் வைக்க மனம் வரவில்லை.