ஆரஞ்சு மேலங்கி வரும் வரை

இருபத்திரண்டு வருடமாகத் தண்ணீர் மீட்டர் பார்க்கிற மனிதருக்கு எல்லா வீட்டுக் கொல்லைப்புறமும் அத்துப்படி. ஆனால் எந்த வீட்டிலும் இரண்டு நிமிடத்துக்கு மேல் நின்றதில்லை. உள்ளே யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருப்பார்கள். ஏன் என்று தெரிவதற்குள் எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும். மீதிக் கதை தெரியாமலே போன வீடுகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அந்தக் குறை அவருக்கு உண்டு.

இன்னொரு குறை அவர் மனைவிக்கு. "நீங்க ஆரம்ப சூரர்" என்பாள். ஆர்மோனியம் மூன்று வாரம், நீச்சல் ஐந்து நாள், மாடியில் கட்டத் தொடங்கிய கொட்டகைக்கு இன்றுவரை கூரை இல்லை. பதினோரு நாள் சைக்கிள் பயணத்துக்குப் பெயர் கொடுத்தபோது, "மூணாவது நாளே வேன்ல சாஞ்சுக்கிட்டு வருவீங்க, பாருங்க" என்று சொல்லிவிட்டாள். சொன்னதோடு நிற்காமல் தன் தம்பியையும் கூட அனுப்பினாள். அன்றே அவர் மனதுக்குள் முடிவு கட்டினார்: பயணத்தில் ஓர் அடி தூரத்தைக்கூட, பைகளோடு கூடவே வரும் அந்த வேனில் கடப்பதில்லை.

ஏழு நாள் அப்படியே ஓடியது. மொத்தம் பதினெட்டுப் பேர். விடியுமுன் எழுந்து, பையை வேனில் போட்டு, டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, செயினுக்கு எண்ணெய் விட்டுக் கிளம்ப வேண்டும். மூன்றாம் நாளே எல்லோருக்கும் வெட்கம் விட்டுப்போனது; சாப்பிடும்போதுகூட யாருக்கு எங்கே தோல் உரிந்தது என்பதுதான் பேச்சு. துவைத்த கால்சட்டைகள் சைக்கிள் கைப்பிடியிலேயே காய்ந்தன.

முன்னால் போகிறவர் ஓய்வுபெற்ற நர்ஸம்மா. கடைசி ஆளாக, ஆரஞ்சு மேலங்கி மாட்டிக்கொண்டு வருகிறவன் மச்சினன். ஒவ்வொரு திருப்பத்திலும் நர்ஸம்மாவுக்கு அடுத்து வருகிறவர் இறங்கி நின்று மற்றவர்களுக்கு வழி காட்ட வேண்டும். ஆரஞ்சு மேலங்கி தாண்டும்வரை மூலையை விட்டு அசையக் கூடாது. இரண்டாம் நாள் ஒருவர் படம் எடுக்கப்போய்ச் சாக்கடையில் விழுந்ததிலிருந்து கைப்பேசிகள் எல்லாம் வேனில். மூலையில் நிற்பது என்றால் பலருக்கு எட்டிக்காய். மீட்டர்காரர் மட்டும் வலியப் போய் இரண்டாவது ஆளாக ஒட்டிக்கொள்வார். தெருவை வேடிக்கை பார்க்கலாமே.

எட்டாம் நாள் பகல் பன்னிரண்டுக்கு ஒரு முச்சந்தியில் நின்றார். அன்றைய வழியில் ஒரே திருப்பம் அதுதான்; இடப்பக்கம் திரும்ப வேண்டும். நேரே போனால் லாரிகள் பறக்கும் நெடுஞ்சாலை. பதினைந்து பேர் தாண்டினார்கள். மச்சினனைக் காணோம்.

எதிரே ஒரு தையல் கடை. மனைவி துணி வெட்ட, கணவன் தைத்தான். இருவருக்கும் பேச்சு இல்லை போலிருக்கிறது. "பட்டன் தீர்ந்துபோச்சுன்னு அவர்கிட்ட சொல்லுங்க" என்று மூன்றடி தள்ளி இருக்கிற கணவனுக்கு வாடிக்கையாளர் வழியாகச் செய்தி போனது. மாடியில் பல் மருத்துவர். கன்னத்தைப் பிடித்தபடி ஏறிய தடியர் ஒருவர் பாதிப் படியில் யோசித்து இறங்கிவிட்டார். பத்து நிமிடம் கழித்து மகள் அவர் கையைப் பிடித்து மறுபடி ஏற்றினாள். இரண்டு நிமிடத்தில் இதெல்லாம் கிடைக்குமா?

ஒன்றரை ஆனது. தையல்காரி ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள். "யாருக்காக நிக்கிறீங்க?"

"கடைசியா வர்றவருக்கு."

"அவர் முன்னாடியே போயிருந்தா?"

"என்னைத் தாண்டித்தாம்மா போகணும்."

"வேற வழியே கிடையாதா?"

சுருக்கென்றது. தங்குமிடம் இன்னும் முப்பத்தொரு கிலோமீட்டர். ஐந்து மணிக்கு மேல் சாலையில் இருப்பவரை வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும். நர்ஸம்மா போட்ட சட்டம். அவர் வேகத்துக்கு இரண்டரைக்குக் கிளம்பினால்தான் உண்டு. கிளம்பிவிட்டால் மச்சினன் கதி? திசையே தெரியாதவன். சொந்த அக்கா கல்யாணத்தன்றே பக்கத்துக் கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு வந்தவன். ஆள் இல்லாத மூலையைக் கண்டால் நேரே லாரிகளுக்கு நடுவில் போய்விடுவான்.

இரண்டரைக்குச் சைக்கிள் ஸ்டாண்டை எடுத்தார். பிறகு ஸ்டாண்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். கடைசியில் மனைவி வாக்குத்தான் பலிக்கப் போகிறது என்று நினைத்ததும் அழுகை வந்தது. அழவும் செய்தார், கொஞ்சம். தையல்காரி மின்விசிறியை லேசாகக் கணவன் பக்கம் திருப்பி வைத்ததையும் அந்தக் கண்ணீரோடேயே கவனித்துக்கொண்டார்.

ஐந்தே காலுக்கு வேன் வந்தது, தங்குமிடத்துப் பக்கமிருந்து. மச்சினன் இறங்கினான். பதினோரு கிலோமீட்டர் பின்னாலேயே அவன் செயின் அறுந்து, வேன் அவனை ஏற்றிப் புறவழிச் சாலை வழியாகத் தங்குமிடத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறது. முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்து தூங்கிவிட்டான். மாமா மற்றவர்களோடு வருவார் என்று அவன் நினைக்க, மாமா அவனோடு வருவார் என்று மற்றவர்கள் நினைக்க, ஒரு பை மட்டும் கேட்பாரற்றுக் கிடந்த பிறகுதான் விஷயம் புரிந்திருக்கிறது.

"நீங்க கிளம்பியிருப்பீங்கன்னு நினைச்சேன் மாமா."

"நீ வரலையே மாப்ளே. எப்படிப் போறது?"

மச்சினன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவர் சைக்கிளைத் தூக்கினான்.

"நான் ஏறலை" என்றார் மீட்டர்காரர். "உங்கக்கா சொன்னபடியே ஆயிடும்."

"ஆகாது, ஏறுங்க. விடிஞ்சதும் இதே இடத்துல இறக்கி விடச் சொல்லியாச்சு. நம்ம வந்து சேர்ந்த பிறகுதான் மத்தவங்க கிளம்புறாங்க. முப்பத்தொரு கிலோமீட்டரை யாரும் சுருட்டிட்டுப் போயிட மாட்டாங்க. செயினை மாட்டியாச்சு, நான் அது அறுந்த இடத்துலேருந்து மிதிச்சு வர்றேன்."

"நீ எதுக்குடா? உன்னை யாரும் ஒண்ணும் சொல்லலையே."

"கடைசி ஆள் நான்தானே. நான் வந்து தாண்டினாத்தானே நீங்க மூலையை விடலாம்?"

மறுநாள் கடைகள் திறக்காத தெருவில், அதே மூலையில் நின்றார். பால் வண்டி போனது, பேப்பர் வந்தது. தையல் கடை வாசலைக் கணவனும் மனைவியும் ஆளுக்கொரு பக்கமாகப் பெருக்கினார்கள். தூரத்தில் ஆரஞ்சு நிறம் தெரிந்ததும் இடது கையை நீட்டினார்.

மச்சினன் வேகத்தைக் குறைத்தான். "ரொம்ப நேரமா நிக்கிறீங்களா மாமா?"

"நேத்திலிருந்து" என்று சொல்லிவிட்டு மீட்டர்காரர் பெடலை மிதித்தார்.