நான்கு மணி நேரம் கழித்து எடுத்த படம்

முதலில் வலித்தது நெஞ்சு அல்ல, தாடை. பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். பல்வலி என்று நினைத்துக் கிராம்பைக் கடித்தேன். இரண்டு நாள் அப்படியே ஓட்டினேன். மூன்றாம் நாள் மூச்சு வாங்கியதும், ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டும் என் கணவர் அதே வண்டியில் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

மாரடைப்பு வந்துபோயிருந்தது. எக்கோவில் (ஒலி அலையால் இதயத்தைப் பார்ப்பது) இதயத்தின் முன்சுவர் அசையவில்லை.

“அந்தத் தசை செத்துப்போச்சா, ரத்தம் பத்தாம சும்மா கிடக்குதான்னு தெரியணும்மா,” என்றார் டாக்டர். “உயிர் இருந்தா பைபாஸ் பண்ணலாம். இல்லன்னா பண்ணியும் பிரயோஜனம் இல்ல.”

சென்னைக்கு அனுப்பினார். தாலியம் ஸ்கேன் (லேசான கதிர்வீச்சுள்ள மருந்தை ஊசியில் ஏற்றுவார்கள், உயிருள்ள தசை அதை இழுத்துக்கொள்ளும், கேமரா அதைப் படமெடுக்கும்). கைகளைத் தலைக்கு மேல் தூக்கி அசையாமல் படுக்க வேண்டும். வலியில்லை. நான்கு மணி நேரம் கழித்து இன்னொரு படம் என்றார்கள்.

அவ்வளவு நேரம் வேலையில்லாமல் நானும் கூட வந்த கணவரும் சேர்ந்து உட்கார்ந்தது எப்போது என்று இருவருக்கும் நினைவில்லை.

“திருப்புட்குழிக்கு சைக்கிள்ல போனமே, ஞாபகம் இருக்குதா?” என்றார்.

கல்யாணமான புதிது. பாதி வழியில் அவருக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. அவரைப் பின்னால் உட்காரவைத்து நான்தான் மிதித்தேன்.

“எதுக்க வந்தவங்கல்லாம் சிரிச்சுக்கினே போனாங்க. நீ ஒரு எடத்துலகூட நிறுத்தலயேமா.”

“எறங்கிட்டா மறுபடி ஏறுறது கஷ்டங்க, அதான்,” என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அன்று எனக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை.

முதல் படத்தில் இருண்டிருந்த இடத்தில், இரண்டாவது படத்தில் பாதிக்கு மேல் நிறம் ஏறியிருந்தது.

“நுனி போயிடுச்சு. மத்தது உயிரோடதான் இருக்குது, மருந்த மெதுவா வாங்குது,” என்றார் அங்கிருந்த டாக்டர். கணவர் அதை மறுபடியும் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

வீட்டில் மகள் ஆறு மாதக் கர்ப்பிணி. ஊசி மருந்தின் கதிர்வீச்சு என் உடம்பில் இருக்கும் என்பதால், ஒரு நாள் அவளை நெருங்க வேண்டாம் என்றிருந்தார்கள். வாசலில் நின்றபடியே, “உயிர் இருக்குதாம்டி,” என்றேன்.

“இன்னாம்மா, கட்டிக்கக்கூட விடமாட்றியே,” என்று அவள் அங்கிருந்தே அழுதாள்.

பைபாஸ் முடிந்து பத்து மாதமாகிறது. இதே ஸ்கேனுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: பேச்சுத் துணைக்கு ஒருவரைக் கூட்டிப்போங்கள். அந்த நேரம் நீளமானது.

முன்பெல்லாம் பொழுது போவதே தெரியாது. இப்போது ஒரு ரவிக்கை முடிந்ததும் எழுந்து சற்றுநேரம் சும்மா நிற்கிறேன். இடப்பக்கம் துடிப்பது தெரிகிறது. அதன் நுனி மட்டும் துடிப்பதில்லை. அதுவும் என்னுடையதுதான்.