தேதி இல்லாத சரக்கு

ஆஸ்பத்திரியில் என் அக்காவுக்கு வைத்த பெயர் தேதியம்மா. முப்பத்தொரு வருடம் அங்கே மருந்து ஸ்டோரில் வேலை பார்த்தாள். பெரிய டாக்டரிலிருந்து தரை துடைக்கிறவர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் தேதியம்மாதான். எந்த மருந்து வந்தாலும் பெட்டியைத் திருப்பி, காலாவதித் தேதியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் படித்த பிறகுதான் அலமாரிக்குள் விடுவாள். நாள் குறைவாக உள்ளது முன்வரிசை, நாள் நிறைய உள்ளது பின்வரிசை. வீட்டில் சோப்புக்கட்டியைக்கூட அப்படித்தான் அடுக்குவாள்.

ஒருமுறை லாரியில் குளுக்கோஸ் பாட்டில்கள் வந்தன. அதில் பதினாலு பெட்டிகளில் தேதி அச்சாகவில்லை. பெரிய டாக்டரே மாடியிலிருந்து இறங்கி வந்து, "நல்ல கம்பெனிம்மா, போன மாசம்தான் தயாரிச்சிருக்காங்க, எனக்குத் தெரியும்" என்று சொல்லிப் பார்த்தார். அக்கா ஒற்றைக் காலில் நின்றாள். பதிவேட்டில் "தேதி இல்லை. கணக்கில் சேர்க்கவில்லை" என்று எழுதி, பதினாலையும் அதே லாரியில் திருப்பி அனுப்பினாள். கதையைக் கேட்டு, "உனக்கு இது ரொம்பத்தான்" என்று நான் கிண்டல் செய்தேன்.

"நல்ல சரக்காவே இருக்கலாம்டி. எது வரைக்கும் நல்லதுன்னு தெரியாம ஒரு மனுஷனுக்கு எப்படி ஏத்தறது?" என்றாள்.

எங்களுக்கு ஒரு தம்பி. ஐந்து வயதில் வந்த மூளைக்காய்ச்சல் உயிரை விட்டுவிட்டு மற்றதில் பாதியை எடுத்துக்கொண்டு போனது. இப்போது அவனுக்கு நாற்பத்தாறு. பல் தேய்ப்பான், பட்டன் போட்டுக்கொள்வான், டீயை ஊதி ஊதிக் குடிப்பான். ரோட்டைத் தனியாகக் கடக்கத் தெரியாது. அடுப்பை அணைக்க நினைவிருக்காது. அம்மா இருந்தவரை அம்மாவோடு இருந்தான், அதற்குப் பிறகு அக்காவோடு. அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது காரணம் கேட்டால், "ஸ்டாக் எடுக்கவே நேரமில்ல" என்பாள்.

நான் செய்துகொண்டேன். இரண்டு பிள்ளைகள், மூன்று அறை வீடு, அதில் முன்னறை என் தையல் கடை. துணிகளைப் பிடித்துக் கொடுப்பேன், பிரித்துக் கொடுப்பேன், ஜிப் மாற்றுவேன். அம்மா இறந்த மறுநாள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ கவலைப்படாதே. உனக்கப்புறம் நான் இருக்கேன்ல, அவன நான் பாத்துக்கறேன்" என்று அழுதேன். மனதாரத்தான் சொன்னேன். அதற்குப் பிறகு பதினோரு வருடத்தில் தம்பி என் வீட்டில் தூங்கிய இரவுகளை எண்ணினால் ஒன்பது வரும். வீடு சின்னது என்பேன், பிள்ளைகளுக்குப் பரீட்சை என்பேன். பூசி மெழுகுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அக்கா ஓய்வு பெற்ற வருடம் நாடே ஆட்டம் கண்டிருந்தது. ஆட்சி கவிழ்ந்து, அடுத்த ஆட்சியும் நிற்காமல், ஒரே வருடத்தில் மூன்று நிதியமைச்சர்கள் வந்து போனார்கள். எண்ணெய்க்குக் காலையில் ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை. பணம் வைத்திருந்தவர்கள் தங்கத்துக்கும் மனைக்கும் ஓடினார்கள், இல்லாதவர்கள் டிவி முன்னால் உட்கார்ந்து திட்டினார்கள். அந்த நேரத்தில்தான் அக்காவின் முப்பத்தொரு வருட உழைப்பு மொத்தமாக அவள் கணக்கில் வந்து விழுந்தது.

அது எதற்கான பணம் என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. தம்பி மாதிரி ஆட்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் முன்பணம் கட்டினால் இடம் உறுதி. அவன் அங்கே குடியேறிய பிறகு, அவன் காலம் முடியும்வரை மாதாமாதம் கட்ட வேண்டும். அக்கா போன பிறகும் அந்தப் பணம் நின்று கொடுக்க வேண்டும். அது கரைந்தால் அவனுக்குப் போக்கிடம் கிடையாது.

என் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? கம்பெனிகளுக்குக் கடன் கொடுக்கும் ஒரு ஃபண்டில் அவர் பணம் போட்டிருந்தார். பேங்க் கொடுப்பதைப் போல இரண்டு பங்கு வட்டி. அக்காவையும் அதில் போடச் சொன்னார்.

"ரெண்டு பங்கு வட்டி குடுத்து கடன் வாங்கறவனுக்கு வேற எங்கயுமே கடன் கிடைக்கலையா மாப்பிள்ளை?" என்று கேட்டாள்.

அவர் சிரித்தார். ஐந்தாவது மாதம் அந்த ஃபண்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பணம் எடுப்பது தற்காலிகமாக நிறுத்தப்பட்டிருக்கிறதாம். அந்தத் தற்காலிகம் எங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை.

அதற்குள் அக்கா வேறொரு ஃபண்ட் ஆபீசுக்கு நாலு தடவை போய்விட்டு வந்திருந்தாள். அரசாங்கக் கடன்பத்திரம் மட்டும் வாங்கும் ஃபண்டுதான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டாள். மந்திரிகள் மாறினாலும், வாங்கின கடனை அரசாங்கம் திருப்பித் தராமல் விடாது என்பது அவள் கணிப்பு. ஐந்தாவது தடவை என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். தம்பி எங்கள் நடுவில் உட்கார்ந்து, மேசை மேலிருந்த ஸ்டேப்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கவுண்டரில் இருந்த பெண் பொறுமைசாலி. மூன்று தாள்களை வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றிலும் சராசரி முதிர்வுக் காலம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதாவது, அந்த ஃபண்டில் இருக்கும் பத்திரங்களின் பணம் திரும்பி வர சராசரியாக எத்தனை நாள் ஆகும் என்ற கணக்கு. முதல் தாளில் எட்டு மாதம், இரண்டாவதில் நாலு வருடம், மூன்றாவதில் பதினேழு வருடம். அக்கா மூன்றாவதைக் கையில் எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

"பதினேழு வருஷம்! இதுலதான் நாள் நிறைய இருக்கு. இதையே எடுத்துக்கறேன்."

"மேடம், இதுல ஏத்த இறக்கம் கொஞ்சம் ஜாஸ்தி இருக்கும்."

"அரசாங்கப் பத்திரம்தானேம்மா?"

"அது சரிதான் மேடம், ஆனா..."

கடையில் ஒருத்தி பாவாடைக்காகக் காத்திருந்தாள். நான்தான் இடையில் புகுந்து, "அக்கா பாத்தா சரியாத்தான் இருக்கும், கையெழுத்தப் போட்டுட்டுக் கிளம்பலாம்" என்றேன். பேனாவை எடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

நாலு மாதம் கழித்து, வந்த புது அரசு எக்கச்சக்கமாகக் கடன் வாங்கப்போவதாக அறிவித்தது. பணத்தின் மதிப்பு சரிந்தது. அதைப் பிடித்து நிறுத்த வட்டியை இரண்டு தடவை ஏற்றினார்கள். அக்காவின் பணத்தில் ஆறில் ஒரு பங்கு காணாமல் போயிற்று. ஆறில் ஒரு பங்கு என்றால் அவளுடைய ஐந்து வருடத்து உழைப்பு.

அந்தப் பெண் எங்களை உட்காரவைத்து விளக்கினாள். "உங்க ஃபண்டுல இருக்கிறது ஆறு பர்சென்ட் வட்டி தர்ற பழைய பத்திரம் மேடம். இன்னைக்குப் புதுசு ஏழரை தருது. அப்போ பழசை யாரு முழு விலைக்கு வாங்குவாங்க? இன்னும் எட்டு மாசம்தான்னா கொஞ்சம் குறைச்சுக் கேப்பாங்க. பதினேழு வருஷம் குறைஞ்ச வட்டியோட உக்காந்திருக்கணும்னா, ரொம்பக் குறைச்சுத்தானே கேப்பாங்க?"

அக்கா தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றதும் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"முப்பத்தொரு வருஷப் பழக்கம்டி. நாள் ஜாஸ்தின்னா நல்ல சரக்குன்னு கை தானா போயிடுச்சு. நானே அவனுக்குக் கெடுதல் பண்ணிட்டேன்" என்றாள்.

அந்தப் பெண் "ஆனா" என்று இழுத்ததும், நான் பேனாவை நீட்டியதும் கண் முன்னால் வந்தன. அதை அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தம்பி பஸ் நம்பர்களை உரக்கப் படித்துக்கொண்டிருந்தான்.

ஒரு வாரம் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு ஒரு நோட்டை எடுத்து, பணம் எப்போது எப்போது தேவைப்படும் என்று எழுத ஆரம்பித்தாள். மருந்துக்கு ஒரு தேதிதான் உண்டு, பணத்துக்கு எடுக்க வேண்டிய தேதி என்று இன்னொன்றும் உண்டு, அதைப் பார்க்காமல் விட்டதுதான் தன் தப்பு என்றாள். இரண்டு வருடத்துக்குள் கட்ட வேண்டிய முன்பணத்தை நஷ்டத்தோடு எடுத்து எட்டு மாத ஃபண்டில் போட்டாள். அதற்கடுத்த சில வருடங்களுக்கானது நாலு வருட ஃபண்டுக்குப் போனது. மிச்சத்தை இருந்த இடத்திலேயே விட்டாள். அதை எடுக்கும் நாளில் தம்பிக்கு வயது அறுபது தாண்டியிருக்கும், அதற்குள் தேறலாம், தேறாமலும் போகலாம். குறைந்த பணத்தை ஈடுகட்ட, பக்கத்துத் தெரு மருந்துக் கடையில் பாதி நாள் வேலைக்குச் சேர்ந்தாள். அறுபத்தொரு வயதில் நின்றுகொண்டே பார்க்கும் வேலை. தம்பியையும் கூட்டிக்கொண்டு போனாள். கடை ஓரத்தில் ஒரு ஸ்டூலில் அவன் உட்கார்ந்திருப்பான். அந்த நேரத்துக்கு அவனை என் வீட்டில் விடு என்று நான் சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை.

போன மழைக்காலத்தில் அக்காவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். பத்து நாள் எழுதவோ படிக்கவோ கூடாது. அந்த மாதக் கணக்கை நோட்டில் எழுதித் தர என்னைக் கூப்பிட்டாள். உறுதியானதைப் பேனாவாலும் உறுதியில்லாததைப் பென்சிலாலும் எழுதுவது அவள் வழக்கம், அதனால் இரண்டையும் கையில் கொடுத்தாள். கட்டிலில் சாய்ந்தபடி அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். தம்பி தரையில் உட்கார்ந்து காலி மருந்து டப்பாக்களை அளவு வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தான்.

எழுதி முடித்து, சும்மா இருக்காமல் நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். முதல் பக்கத்தின் தலைப்பு, "எனக்குப் பிறகு தம்பிக்கு இருப்பது." கீழே ஆஸ்பத்திரிப் பதிவேடு மாதிரியே கட்டம் போட்டிருந்தாள். ஓய்வுப் பணம், எடுக்கும் தேதிகள், மோசமானால் எவ்வளவு இறங்கும். வீடு, வாடகைக்கு விட்டால் வருவது. மூன்றாவது வரி பென்சிலில் இருந்தது. "தங்கச்சி. தேதி இல்லை. கணக்கில் சேர்க்கவில்லை."

எனக்கு முதலில் கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னக்கா இது, முதல் பக்கத்துல?"

கண்ணில் கட்டோடு இருந்தவளுக்குப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. "அது அப்ப எழுதினது. விடு."

"நான் பாத்துக்கறேன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்ன. நல்ல மனசோடதான் சொன்ன. எப்பலேர்ந்துன்னு சொல்லலியே."

குத்திக்காட்டவில்லை. லாரி டிரைவரிடம் பேசியிருப்பாளே, அதே குரல். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டிவிட்டுப் போயிருப்பேன். மந்திரிகள் மாறுவதையும் வட்டி ஏறுவதையும் போலவே அவள் என்னையும் எடைபோட்டிருக்கிறாள். அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு ஃபண்டாகப் பார்த்ததே, என்னை நம்பி இருக்க முடியாது என்பதால்தான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அழுகை வந்தது, அழுதேன். தம்பி ஒரு டப்பாவை எடுத்து வந்து என் மடியில் வைத்துவிட்டுப் போனான்.

"அன்னைக்கு அந்தப் பொண்ணு என்னமோ சொல்ல வந்தா. கடைக்குப் போகணும்னு நான்தான் உன்ன அவசரப்படுத்தினேன்" என்றேன்.

"தெரியும்."

"முதல் தேதி. அடுத்த மாசம் முதல் தேதிலேர்ந்து, மாசத்துல பத்து நாள் அவன் என் வீட்டுல. இப்பவே பழகட்டும்."

"உன் வீட்டுக்காரர்?"

"அது என் பாடு."

"சரி, எழுதிக்கோ. பென்சில்லயே எழுது" என்றாள்.

என் தேதியை என் கையாலேயே பென்சிலில் எழுதினேன்.

முதல் தேதி தம்பி வந்தான். ஒரு பை, அவனுடைய டம்ளர், அளவு வாரியாக அடுக்கிய டப்பாக்கள். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் தையல் மெஷினைச் சுவரோரம் நகர்த்திக் கட்டில் போட்டுக் கொடுத்தார். இரண்டு தடவை அடுப்பை அணைக்காமல் விட்டான். ஒரு தடவை வாசலைத் திறந்துகொண்டு தெருமுனை வரைக்கும் போய்விட்டான். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. பத்தாம் நாள் அக்கா வந்து கூட்டிப்போனாள். நோட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அடுத்த மாதமும் சொல்லவில்லை.

மூன்றாவது மாதம் முதல் தேதி, பையை உள்ளே வைத்துவிட்டு அக்கா செருப்பைப் போடப் போனவள் திரும்பி வந்தாள். கைப்பையிலிருந்து அந்த நோட்டை எடுத்து, என் கடை மேசையில் முதல் பக்கத்தைத் திறந்து வைத்தாள்.

"பேனா இருக்காடி?" என்றாள்.

மேசையில் துணிக்குக் குறி போடும் சாக்பீஸ்தான் இருந்தது. நான் பேனாவைத் தேடி உள்ளே ஓடினேன்.